பாட்டை நிறுத்த என்ன விலை

கல்லூரியில் மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'சராசரி மேடம்'. யார் எதைச் சொன்னாலும், "எத்தனை பேரைக் கேட்டே? யாரைக் கேக்காம விட்டே?" என்று திருப்பிக் கேட்பாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் தப்பித்தவர் அந்த வகுப்பில் ஒருவரும் கிடையாது. இருபத்திரண்டு வருடமாகப் பொருளாதாரம் நடத்துகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையும் அவளும் இரண்டு அறை வீட்டில் சேர்ந்து இருந்தார்கள்.

தங்கைக்குப் பகலில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. மீதி நேரமெல்லாம் கீபோர்டும் ஹெட்போனும்தான். அவள் போட்ட மெட்டுகளில் பதினான்கு வெளியே வந்திருந்தன. பதினான்கும் மெதுவாக நடக்கிற, யாரையும் அவசரப்படுத்தாத மெட்டுகள். மளிகைக் கடைகளில்தான் அவை அதிகம் ஓடின. பருப்பு வாங்கப் போன இடத்தில் தன் மெட்டு கேட்டுவிட்டால் அன்று முழுக்க வீட்டில் அவளைப் பிடிக்க முடியாது.

கடைகளில் பாட்டுப் போட்டால் அதை உருவாக்கியவர்களுக்குக் கட்டணம் தர வேண்டும். எவ்வளவு என்பதை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் நிர்ணயிக்கும். அதுவரை ஒரே விதிதான். கடை எவ்வளவு பெரியதோ அவ்வளவு கட்டணம். மளிகைக் கடை, துணிக்கடை, உடற்பயிற்சிக்கூடம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல். இந்த முறை கடைக்காரர்கள் கூட்டமைப்பு கட்டணத்தைப் பாதியாக்கச் சொன்னது. இசையமைப்பாளர் சங்கம் மூன்று மடங்காக்கச் சொன்னது. இரண்டு பேருக்கும் ஆராய்ச்சி தேவைப்பட்டது.

சங்கத்தின் வக்கீல் கல்லூரிக்கே வந்து அவளைப் பார்த்தார். பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். அதனால் அக்காளும் தங்கையும் அவருக்குக் 'கண்ணாடி வக்கீல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"கடையில பாட்டு ஓடினா வியாபாரம் கூடுதுன்னு நிரூபிச்சுக் குடுங்க மேடம். அவ்வளவுதான்" என்றார்.

"கூடுதான்னு பாத்துச் சொல்றேன். கூடலைன்னாலும் சொல்லுவேன். என் தங்கச்சி உங்க சங்கத்துல உறுப்பினர். அதையும் அறிக்கையோட முதல் பக்கத்துலயே போடுவேன். சம்மதமா?"

வக்கீல் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கூடாமல் எங்கே போகும் என்ற நம்பிக்கை அவருக்கு.

எட்டு மாதம் அவள் தெருத்தெருவாக அலைந்தாள். முப்பத்திரண்டு மளிகைக் கடைகள், பத்தொன்பது துணிக்கடைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம் வழக்கமான பாட்டு, இரண்டு வாரம் எந்தப் பாட்டும் இல்லை, இரண்டு வாரம் கம்ப்யூட்டர் தானாகத் தயாரித்த, யாருக்கும் காசு கொடுக்க வேண்டாத இசை. எது முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தாள். கடைக்காரர்களிடம் கெஞ்சி பில் சுருள்களை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். ஒரு துணிக்கடை அம்மா பாட்டில்லாத வாரத்தில் திருட்டுத்தனமாக மூன்று நாள் பாட்டுப் போட்டிருந்தாள். "வெறுங்கடையில உக்காந்தா துக்கம் விசாரிக்க வந்த மாதிரி இருக்கு மேடம்" என்றாள். அந்த மூன்று நாளையும் இவள் அப்படியே குறித்துக்கொண்டாள்.

சிக்கல் உடற்பயிற்சிக்கூடங்களில் வந்தது. பதினொரு கூடங்களைத் தேர்ந்தெடுத்திருந்தாள். முதல் கூடத்தின் முதலாளி கதவை மறைக்கிற உடம்புக்காரர். பழைய மல்யுத்தக்காரர் என்பதால் எல்லோருக்கும் அவர் பயில்வான்தான். கம்ப்யூட்டர் இசையைப் போட்டுக் காட்டினாள். அரை நிமிடம் கேட்டார்.

"இதுக்கு வெயிட் தூக்கச் சொல்றீங்களா? தூங்கிருவாங்க மேடம்."

"ரெண்டே வாரந்தான். உங்க நஷ்டத்துக்குப் பணம் தர்றோம். மூணு உறுப்பினரோட மாசக் கட்டணம்."

"வேணாம்."

"அஞ்சு பேரோடது?"

"என்னைப் பாத்தா ஏலம் போடுற ஆள் மாதிரியா இருக்கு?"

அவள் விடவில்லை. கைப்பையிலிருந்து காசோலைப் புத்தகத்தை எடுத்து, எட்டுப் பேரின் கட்டணத்தை எழுதி மேசைமேல் வைத்தாள். பயில்வான் அதை விரல் நுனியால் அவள் பக்கம் தள்ளினார். அதைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துவிட்டுப் பன்னிரண்டு பேருடையதை எழுதினாள். அதையும் தள்ளினார்.

"மேடம், பாட்டை நிறுத்தினா எனக்கு இருபது பேரு போயிருவான். எதிர்த் தெருவுல ஒருத்தன் காத்துட்டிருக்கான். நீங்க படிச்சவங்க, உங்களுக்கு இது புரியாதா?"

மற்ற கூடங்களிலும் அதே கதை. பதினொன்றில் ஒன்பது பேர் எவ்வளவு ஏற்றியும் மறுத்துவிட்டார்கள். ஒருவர் ஒப்புக்கொண்டு, மூன்றாம் நாளே காசோலையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே ஒருவர்தான் இரண்டு வாரத்தையும் முடித்தார். யார் எந்தத் தொகைக்கு மறுத்தார்கள் என்று ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் கணக்குப் போட்டு முடித்தாள். துணிக்கடைகளில் பாட்டு ஓடினால் விற்பனை நூற்றுக்கு ஆறு கூடியது. மளிகைக் கடைகளில் ஒன்றுமே இல்லை. மூன்று வழியில் போட்டுப் பார்த்தாள். மூன்றிலும் சைபர். பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உப்பு வாங்குகிறவர் உப்பு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த அறையில் தங்கை ஏதோ ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டும் என்று எழுந்து கதவுவரை போனாள். ஹெட்போனோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்ததும் வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பினாள். அந்த நாளை வரவே இல்லை.

அறிக்கையின் நகலைப் படித்துவிட்டுக் கண்ணாடி வக்கீல் அவளைத் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். சுவர் முழுக்கக் கோப்புகள், நடுவில் ஒரு சின்ன மேசை.

"துணிக்கடை பிரமாதம். மளிகைக் கடைப் பக்கங்களை எடுத்துருங்க."

"ஏன் எடுக்கணும்?"

"எதிர்க்கட்சிக்கு நாமளே கத்தியைத் தீட்டிக் குடுக்கணுமா? அப்புறம் இந்த ஜிம் சமாச்சாரம். சோதனையே நடக்கலை. நடக்காத சோதனையைக் கொண்டுபோய்க் காட்டினா சிரிக்க மாட்டாங்களா? அதுக்குச் செலவு வேற!"

"நடக்கலைங்கிறதுதான் அதுல விஷயமே."

"மேடம், ரெண்டு அனுபந்தத்தையும் எடுத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. பொய் சொல்லச் சொல்லலை. எல்லாத்தையும் சொல்ல வேண்டாம்னுதான் சொல்றேன்."

அவள் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இதுல என் பேர் இருக்கு. எது இருக்கணும், எது போகணும்னு நான்தான் சொல்லணும். பக்கத்தை எடுக்கணும்னா முதல்ல என் பேரை எடுங்க. வேற ஆளைப் பாத்துக்குங்க."

தாக்கல் செய்ய ஒன்பது நாள்தான் பாக்கி என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வக்கீலின் கழுத்து சிவந்தது.

"நீங்க யார் பக்கம் மேடம்?"

"பக்கம் பாக்கிறதுக்கு உங்களுக்குச் சம்பளம். எனக்கு அளக்கிறதுக்கு."

மாடிப்படி இறங்கினாள். வேறு ஆளைப் பிடித்துவிடுவாரோ என்ற பயம் இருந்தது. ஆனால் அவர் ஒரு பக்கத்தைக்கூட எடுக்கவில்லை. அப்படியே தாக்கல் செய்தார். அதன் பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

விசாரணை நாளன்று தங்கை லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட உடையில் கிளம்பி நின்றாள். "எங்களுக்காக என் அக்கா பேசுறதை நான் பாக்க வேண்டாமா?" என்றாள்.

"வராதே. போரடிக்கும்."

"உன் கல்யாணத்தைத்தான் பாக்கக் குடுத்து வைக்கலை. இதையாவது பாக்கிறேன்."

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். நாற்பது நிமிடப் பயணம். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

தீர்ப்பாயம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏசி ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். மூன்று நீதிபதிகளில் நடுவில் இருந்தவர் தலை முழுக்க நரைத்த பெண்மணி. எல்லாவற்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டே இருந்தார். தங்கை பார்வையாளர் வரிசையில் முதல் நாற்காலியாகப் பார்த்துப் பிடித்தாள்.

கூட்டமைப்பின் வக்கீல் நெட்டையானவர். குரலை உயர்த்தவே மாட்டார். நோயாளியிடம் டாக்டர் பேசுவதுபோலத்தான் பேசுவார். அவர்கள் பக்கத்து ஆய்வு எளிமையானது. கடையிலிருந்து வெளியே வருகிறவர்களை நிறுத்தி, உள்ளே என்ன பாட்டு ஓடியது என்று கேட்டிருந்தார்கள். நூற்றில் எண்பத்தேழு பேருக்குத் தெரியவில்லை. பாட்டு என்பது சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரி, எந்தச் சுண்ணாம்பானால் என்ன, இலவச இசையே போதும் என்பது அவர்கள் வாதம்.

"மேடம், உங்க தங்கச்சி இந்தச் சங்கத்துல உறுப்பினர்தானே?" என்று ஆரம்பித்தார்.

"ஆமா. முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன்."

"கட்டணம் ஏறினா உங்க வீட்டுக்கு வருமானம். உங்க ஆய்வை நாங்க எப்படி நம்பணும்கிறீங்க?"

கூடத்தில் லேசான சிரிப்பு எழுந்தது. அவள் திரும்பித் தங்கையைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச முடியாது என்று தெரியும்.

"என் தங்கச்சியோட பதினாலு மெட்டும் மளிகைக் கடையிலதான் ஓடுது. மளிகைக் கடையில பாட்டுனால ஒரு காசு வியாபாரம்கூடக் கூடலைன்னு அனுபந்தம் நாலுல எழுதியிருக்கேன். இந்தத் தீர்ப்பாயம் என் ஆய்வை ஏத்துக்கிட்டா முதல் நஷ்டம் எங்க வீட்டுக்குத்தான். இப்ப சொல்லுங்க, யாருக்காக இட்டுக்கட்டினேன்?"

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அது யார் என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

நெட்டை வக்கீல் ஒரு கணம் காகிதங்களைப் புரட்டினார். வேறு பக்கத்திலிருந்து வந்தார். "சரி. உடற்பயிற்சிக்கூடங்கள். பதினொண்ணுல ஒண்ணுலதான் சோதனை முடிஞ்சிருக்கு. இது தோல்வியடைஞ்ச ஆய்வு. பதிவுலேர்ந்து நீக்கணும்னு கேட்டுக்கிறேன்."

நடுவில் இருந்த நீதிபதி பென்சிலை நிறுத்தினார். "நடக்காத சோதனையை ஏன் இணைச்சிருக்கீங்க?"

"நான் அவங்களைக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதாங்க. ரெண்டு வாரம் நிஜப் பாட்டை நிறுத்திட்டு இலவச இசை போடுங்கன்னேன். சும்மா கேக்கலை, காசு குடுக்கிறேன்னேன். இவங்க சொல்றபடி அது சுண்ணாம்புன்னா காசை வாங்கிட்டு வேற சுண்ணாம்பு அடிச்சிருக்கணும். அடிக்கலை. மூணு பேரோட கட்டணம் குடுத்தேன், வேணாம்னாங்க. பன்னிரண்டு வரைக்கும் போனேன். ஒன்பது பேர் அப்பவும் வேணாம்னாங்க."

"வாய்ப்பேச்சுக்குக் கேட்டிருப்பீங்க. வாயால மறுக்கிறது யாருக்கும் சுலபம்" என்றார் நெட்டை வக்கீல்.

"காசோலை எழுதி மேசைமேல வச்சுக் கேட்டேன். அத்தனை காசோலையோட நகலும் அனுபந்தம் ஏழுல இருக்கு. வெளிய வர்றவங்களை நிறுத்திப் பாட்டுப் பேரைக் கேட்டீங்க, அவங்களுக்கு ஞாபகம் இல்லை. மதியம் சாப்பிட்டதுல எவ்வளவு உப்புன்னு கேட்டாலும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால உப்பில்லாமச் சாப்பிட்டுருவாங்களா? நான் பாட்டை எடுக்க என்ன விலைன்னு கேட்டேன். அந்த விலைக்கு அவங்க விக்க மாட்டேன்னுட்டாங்க."

"அவங்களெல்லாம் யாரு?" என்று கேட்டார் நெட்டை வக்கீல்.

"உங்க கூட்டமைப்போட உறுப்பினர்கள்தான். பதினொரு பேரும்."

நீதிபதி அனுபந்தம் ஏழைத் திறந்தார். அவர் பென்சில் வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தது. பிறகு துணிக்கடை அம்மா திருட்டுத்தனமாகப் பாட்டுப் போட்ட மூன்று நாளைப் பற்றி நெட்டை வக்கீல் ஒரு மணி நேரம் குடைந்தார். அவள் எல்லாவற்றுக்கும், "ஆமா, எழுதியிருக்கேன், பக்கம் இத்தனை" என்று பதில் சொன்னாள். கடைசியில் அவருக்கே சலித்துப்போயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தங்கை சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"என் பாட்டை யாரும் கேக்கலைன்னு கோர்ட்ல சொல்லிட்டு வந்திருக்கே."

"அப்படிச் சொல்லலை. வியாபாரம் கூடலைன்னு சொன்னேன். யாரு கேட்டாங்கன்னு நான் அளக்கலை."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லை."

"எட்டு மாசம் இந்த மேசையில உக்காந்து கோடு போட்டியே. நான்தானே உனக்குக் காபி போட்டுக் குடுத்தேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அத்தனை பேர் நடுவுல உக்கார வச்சுக் கேக்க விட்டுட்டியே அக்கா!"

எதிர் வக்கீலின் எந்தக் கேள்விக்கும் தடுமாறாதவள் வாசற்படியிலேயே நின்றாள். "அது தப்புதான்" என்றாள். "பயந்துட்டேன். ஆனா அறிக்கையில எழுதினது தப்பில்லை. மறுபடியும் எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்."

"தெரியும். திமிர் பிடிச்சவ."

பத்து நாள் தங்கை பேசவில்லை. உப்பு வேண்டும், கேஸ் தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டப்பட்டது.

மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. எல்லாக் கடைக்கும் ஒரே அளவுகோல் என்ற பழைய விதியை நீதிபதிகள் தூக்கிப் போட்டார்கள். உடற்பயிற்சிக்கூடங்களுக்குக் கட்டணம் நான்கு மடங்கு. துணிக்கடைகளுக்குக் கொஞ்சம் ஏற்றம். மளிகைக் கடைகளுக்குப் பாதியாகக் குறைப்பு. 'தன் தரப்புக்கு எதிரான முடிவுகளையும் மறைக்காமல் வைத்த சாட்சி என்பதால், அவர் தந்த மற்ற எண்களையும் நம்ப முடிகிறது' என்று ஒரு வரி இருந்தது.

பயில்வான் போன் செய்து திட்டினார். "நான் வேணாம்னு சொன்னதையே என் தலையில கட்டிட்டீங்களே மேடம்! தெரிஞ்சிருந்தா காசோலையை வாங்கிட்டிருப்பேன்."

"வாங்கியிருந்தா இருபது பேர் போயிருப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது வாஸ்தவம்தான்" என்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். பிறகு மறுபடியும் திட்டினார்.

சங்கத்துக்கு மொத்தத்தில் வருமானம் கூடியது. இருந்தாலும் கண்ணாடி வக்கீல் ஒரு நன்றிக் கடிதம்கூட அனுப்பவில்லை. இனி அவள் சேவை தேவைப்படாது என்று இரண்டு வரி மட்டும் வந்தது. அதே மாதம் நெட்டை வக்கீல் அவளைப் போனில் கூப்பிட்டு, அடுத்த வழக்கில் தங்களுக்கு ஆய்வு செய்து தர முடியுமா என்று விசாரித்தார். எல்லா முடிவையும் வெளியிடுவேன் என்றாள். யோசித்துச் சொல்வதாகப் போனை வைத்தவர்தான், அப்புறம் பேசவில்லை.

தங்கைக்கு வந்துகொண்டிருந்த தொகை பாதியாயிற்று. அன்று அவள் சாப்பாட்டு மேசையில் அக்காவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மளிகைக் கடைப் பட்டியல்லேர்ந்து என் பதினாலு மெட்டையும் எடுத்துறச் சொல்லி சங்கத்துக்கு எழுதப் போறேன். எனக்கு அந்த உரிமை இருக்கில்ல?"

"இருக்கு. ஆனா இப்ப வர்ற பாதியும் வராது."

"வரவேண்டாம். எடுத்தப்புறம் அந்தக் கடைகள்ல மறுபடியும் அள. என் மெட்டு இருந்ததுக்கும் போனதுக்கும் வித்தியாசம் வருதா பாரு."

"சைபர்தான் வரும்னு நினைக்கிறேன்."

"நினைக்காதே. அள."

அவள் அளந்தாள். இந்த முறை யாரும் சம்பளம் தரவில்லை. விடுமுறையில் ஆறு வாரம் ஒன்பது கடைகளுக்கு நடந்தாள். பில் சுருள்களை வாங்கி வந்தாள். கோடு போடும்போது தங்கையும் எதிரே உட்கார்ந்து எண்களைப் படித்துச் சொன்னாள். கடைசி வரி வந்ததும் அக்கா பேனாவை மூடினாள். தாளைத் தங்கை பக்கம் திருப்பி வைத்தாள். சைபர்.

தங்கை அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள்.

"சரி" என்றாள்.

"மெட்டைத் திரும்பக் குடுக்கப் போறியா? அந்தப் பாதியாவது வரும்."

"மாட்டேன். அவங்க வியாபாரத்துக்கு நான் தேவையில்லைன்னு நீ அளந்துட்டே, ஒத்துக்கிறேன். எனக்கும் அவங்க கடை தேவையில்லை. இது நான் அளந்தது."

பிறகு எழுந்து உள்ளே போய்க் கீபோர்டைத் திறந்தாள். ஹெட்போனை மாட்டவில்லை. அவளுடைய பழைய மெட்டுகளுக்குச் சற்றும் சம்பந்தமில்லாமல், இரண்டு மடங்கு வேகத்தில் எதையோ தட்டிப் பார்த்தாள். பிடிக்காமல் நிறுத்தினாள். மறுபடியும் மெதுவாகவே ஆரம்பித்தாள்.